புற்று செல்லும் மைட்டோகாண்ட்ரியாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்த சமயம், சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரை ஏறிப்போவதைப் பார்த்த பிறகுதான் விசாரித்தோம். உறவினர் ஒருவர் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். “புற்று செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யாது. சர்க்கரை ஒன்றுதான் அதற்குச் சாப்பாடு. அதை நிறுத்தினால் பட்டினியில் செத்துவிடும். இதைக் கண்டுபிடித்துத்தான் வார்பர்க் நோபல் வாங்கினார்.”

நான் உயிர்வேதியியல் நடத்துகிறவள். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரித்துச் சக்தி எடுக்கும் நுண்ணுறுப்பு; அந்த வேலைக்குத்தான் செல் சுவாசம் என்று பெயர். இந்தப் பதிவில் இருக்கும் பிழைகளில் பாதியை என் மாணவர்களின் விடைத்தாளிலும் திருத்தியிருக்கிறேன். விடைத்தாளில் மதிப்பெண்தான் போகும், இங்கே போவது உடம்பு.

முதலில் அந்த நோபல் கதை. ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க் 1920களில் பெர்லினில் கட்டித் திசுவை மெல்லிய சீவலாக அரிந்து, சிறு குடுவையில் அடைத்து, உள்ளே வாயுவின் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளந்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அந்தத் திசு குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளியது. இந்த அவதானிப்பு இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் 1931ல் அவருக்கு நோபல் கிடைத்தது செல் சுவாசத்துக்கான நொதியின் தன்மையையும் அது இயங்கும் விதத்தையும் கண்டறிந்ததற்காக. சுவாசம் மீளமுடியாதபடி பழுதாவதில்தான் புற்று தொடங்குகிறது என்பது அவருடைய விளக்கம். 1956ல் ‘சயின்ஸ்’ இதழில் அதை அவர் மீண்டும் எழுதியபோது, அதே ஆண்டு அதே இதழில் சிட்னி வைன்ஹவுஸ் மறுத்தார்: கட்டிகள் ஆக்சிஜனை நன்றாகவே பயன்படுத்துகின்றன என்று. அளந்தது சரி, அதற்குச் சொன்ன காரணம் சரியில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புவதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் முளைக்கின்றன.

மாணவர்கள் வழக்கமாக எழுதும் வரி, “ஆக்சிஜன் கிடைக்காததால் புற்று செல் நொதித்தலுக்கு (குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குவதற்கு) மாறுகிறது.” ஆக்சிஜன் இருக்கும்போதே இது நடக்கிறது என்பதுதானே வார்பர்க் விளைவு! அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால், செல்லின் சக்தி நாணயமான ஏடிபி ஏறக்குறைய 30 கிடைக்கும். லாக்டிக் அமிலத்தோடு நிறுத்தினால் 2 மட்டுமே. பிறகு ஏன் இந்த நஷ்ட வியாபாரம்? ஏடிபியை மட்டும் எண்ணினால் பதில் கிடைக்காது. பெருகும் செல்லுக்கு எரிபொருளைவிடக் கட்டுமானப் பொருள் முக்கியம். வீடு கட்ட இறக்கிய மரத்தையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டால் கதவுக்கும் ஜன்னலுக்கும் எங்கே போவது? குளுக்கோஸின் கார்பனிலிருந்துதான் டிஎன்ஏவுக்கான துண்டுகளும் சவ்வுக்கான கொழுப்பும் உருவாக வேண்டும்.

இந்தக் கட்டுமான வேலையில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசம் நின்றால் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வரும். அது இல்லாமல் டிஎன்ஏ எழுத்துகளை உருவாக்க முடியாது. 2015ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நீக்கப்பட்ட புற்று செல்களை எலியின் உடலில் செலுத்தினார்கள். அவற்றால் உடனே கட்டியாக வளர முடியவில்லை. அந்த எலியின் சொந்த செல்களிடமிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பெற்றுக்கொண்ட பிறகே வளர்ந்தன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவே புற்றுக்குப் போதும் என்றால், இரவல் வாங்கி ஏன் பிழைக்க வேண்டும்?

அதற்காக, எந்தப் புற்றிலும் அங்கே கோளாறே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. சில ரத்தப் புற்றுகளில் ஐடிஹெச்2 என்ற மைட்டோகாண்ட்ரியா நொதியின் மரபணு மாறிப்போகிறது. அந்த நொதி வேறொரு பொருளைத் தயாரித்துக் குவிக்க, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ மீதுள்ள குறிகள் நீக்கப்படாமல் தங்கி, செல் முதிராமலே பெருகுகிறது. இதற்கு ஒரு மருந்தே 2017ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக எந்தப் புற்று, எந்த நொதி என்று கேட்காமல் பேசவே முடியாது.

புற்று செல்லின் குளுக்கோஸ் பசியைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளைக் கதிரியக்க அடையாளத்தோடு ஏற்றுகிறார்கள். அதை நிறைய உறிஞ்சும் இடம் பளிச்சென்று தெரிகிறது. மூளையும் அப்படித்தான் தெரியும். காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவும் தெரியும். படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்று என்று அறிக்கை கையில் வந்ததும் வீட்டார் அழத் தொடங்க வேண்டியதில்லை.

இனி அத்தையின் பட்டினி. வாயால் சர்க்கரையை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது. கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், தசையைக் கரைத்தாவது. புற்று செல்லோ குளுக்கோஸ் குறைந்தால் குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் பயன்படுத்தும். மெலிவது நோயாளிதான். அப்படி மெலிந்தவர்களுக்குக் கீமோவைத் தாங்குவதும் கடினம். இனிப்பை அள்ளிச் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை; சர்க்கரை நோயும் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு அப்படியே தொடர வேண்டும்.

பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனால், அலமாரியில் காய்ந்த முள் சீத்தா இலை ஒரு பொட்டலம். தினமும் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார். “இயற்கைதானே கண்ணு, என்ன செய்துவிடும்?” என்றார். அந்த மரத்தில் இருக்கும் அன்னோனாசின், மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசத்தை நடத்தும் புரதத் தொடரான சுவாசச் சங்கிலியில் முதல் கூட்டமைப்பையே அடைக்கும் பொருள். ஆய்வகத் தட்டில் புற்று செல்லைக் கொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் நரம்பு செல்லும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் வாழ்கிறது. கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலையையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நோய் அதிகம் காணப்பட்டதை 1999ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதே கூட்டமைப்பை மெல்ல மட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரையை, சர்க்கரை நோய் இல்லாத மார்பகப் புற்று நோயாளிகளிடம் 3,649 பேர் கொண்ட பெரிய ஆய்வில் சோதித்தார்கள். 2022ல் வந்த முடிவு, நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை என்பது. தட்டில் கிடைத்த பலன் மனிதரிடம் அப்படியே கிடைத்துவிடுவதில்லை.

மறுநாள் அந்தப் பொட்டலத்தை அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போனோம். எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேட்டுக் கோப்பில் குறித்துக்கொண்டு, கல்லீரல் பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்தார். உணவியல் நிபுணர் முட்டை, பருப்பு, தயிர், கூடவே அத்தை ஆசையாகக் கேட்ட இரண்டு இட்லி என்று பட்டியல் போட்டார். வெளியே வந்ததும், பசிக்கிறது என்றார் அத்தை.