வெனிஸ்ல கையைக் கடிக்காம ரூம் பிடிக்கிறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

வெனிஸ் ரூம் ரேட்டைப் பார்த்ததும் நிறைய பேர் "காலைல ரயில்ல போய் சுத்திப் பார்த்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம்"னு முடிவு பண்ணிடறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. பகல் கூட்டம் மொத்தமும் ஏழு மணிக்கு மேல ரயில் ஏறிப் போனப்புறம்தான் அந்த ஊர் ஊரா மாறுது. பசங்க சர்ச் செவுத்துல பந்தடிச்சு விளையாடறது, பாட்டிங்க தள்ளுவண்டிப் பைய இழுத்துக்கிட்டு பாலம் ஏறி இறங்கறது, வாய்க்கால்ல தண்ணி படிக்கட்டுல மோதற சத்தம், இதெல்லாம் அப்பதான் கண்ணுலயும் காதுலயும் படும். ஒரு ராத்திரியாவது தீவுக்குள்ள தங்கணும்ங்கறதுதான் என் கட்சி, அதுக்கு சொத்தை விக்க வேண்டியதில்ல. நான் மூணு தடவை போனதுல கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: முதல்ல தேதி, அப்புறம்தான் ரூம்

அதே ரூம், அதே கட்டில், தேதி மாறினா ரேட் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆயிடும். ஜூலை மூணாவது ஞாயித்துக்கிழமைய ஒட்டி வர்ற ரெதென்தோரே திருவிழா, ஆகஸ்ட் கடைசில லிடோ தீவுல ஆரம்பிக்கிற சினிமா விழா, பிப்ரவரி வாக்குல வர்ற கார்னிவல், இந்த மூணையும் கண்டிப்பா தவிர்த்துடுங்க. பியனாலே கலைக் கண்காட்சி 2022லேருந்து இரட்டைப்படை வருஷத்துல நடக்குது, அது தொடங்கற வாரமும் வேண்டாம். நவம்பர் மாசம், அப்புறம் ஜனவரி 6 முடிஞ்சு கார்னிவலுக்கு முன்னாடி வரைக்கும், இதுதான் மலிவு. ஞாயிறு ராத்திரிலேருந்து வியாழன் வரைக்கும் பார்த்தா இன்னும் குறையும்.

"நவம்பர்ல வெள்ளம் வருமே"ன்னு பயப்படுவீங்க. 2019 நவம்பர் 12ஆம் தேதி தண்ணி 187 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறினது உண்மைதான். ஆனா 2020 அக்டோபர்லேருந்து மோசேங்கற கடல் தடுப்புக் கதவுங்க வேலை செய்யுது, தண்ணி ரொம்ப ஏறும்னு தெரிஞ்சா கடல் வாயை அடைச்சிடறாங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், குளிர்காலத்துல தரைத்தள ரூம் எடுக்காதீங்க, செவுரு ஓதம் அடிக்கும். மாடில கேளுங்க.

ஸ்டெப் 2: பின்கோடு பாருங்க, இது ரொம்ப முக்கியம்

முதல் தடவை நான் ஏமாந்தது இங்கதான். பேர்ல பெருசா "வெனிஸ்"னு போட்டிருந்த ஒரு இடத்தை போட்டோ பார்த்து புக் பண்ணிட்டேன், போய் இறங்கினா அது தீவுலயே இல்ல, எதிர்ல நிலப்பகுதில இருக்கிற கரைப் பக்கம், ஹைவே ஓரம், கடைசி பஸ் போயிடுச்சு, ரெண்டு பெட்டியோட அரை மணி நேரம் நடந்தோம். அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடித்தான் இந்த பின்கோடு விஷயத்தக் கண்டுபிடிச்சேன்.

வெனிஸ் நகராட்சிக்குள்ள தீவும் வருது, கரையில இருக்கிற மெஸ்த்ரே, மர்கேராவும் வருது, அதனால அட்ரஸ்ல "வெனெஸியா"ன்னு போடறது பொய் இல்ல. ஆனா பின்கோடு காட்டிக் குடுத்துடும். 30121 கன்னரேஜோ, 30122 கஸ்தெல்லோ, 30123 தோர்சொதூரோ, 30124 சான் மார்க்கோ, 30125 சான் போலோ, 30135 சாந்த குரோசே, இந்த ஆறும்தான் பழைய வெனிஸோட ஆறு பேட்டை. 30133னா ஜூதெக்கா தீவு, 30126னா லிடோ. 3017ன்னு ஆரம்பிச்சா கரை. அட்ரஸைப் படிக்க அஞ்சு செகண்ட் போதும்.

இன்னொண்ணு, வெனிஸ்ல கதவு நம்பர் தெருவாரியா கிடையாது, பேட்டைவாரியா ஓடும், அதனால "கஸ்தெல்லோ, அஞ்சாயிரத்து சொச்சம்"னு அட்ரஸ் வந்தா குழம்பாதீங்க, தெருப் பேரையும் தனியா கேட்டு வாங்கிக்கணும்.

ஸ்டெப் 3: எந்தப் பேட்டை?

சான் மார்க்கோவ விட்டுடுங்க, காசும் அதிகம் ராத்திரில ஊர்க்காரங்களும் கம்மி. எனக்குப் பிடிச்சது கன்னரேஜோவோட வடக்குப் பக்கம். 1516ல யூதர்களை ஒதுக்கி வச்ச கெத்தோ அங்கதான் இருக்கு, உலகம் பூரா "கெட்டோ"ன்னு சொல்ற வார்த்தையே அங்கேருந்து வந்ததுதான். அதுக்குக் கொஞ்சம் மேல மிசெரிகோர்தியா வாய்க்கால் ஓரம் பூரா சின்னச் சின்ன ஒயின் கடைங்க. ஸ்டேஷன்லேருந்து பெட்டியோட நடந்தே போயிடலாம், போட் டிக்கெட் மிச்சம். ஆனா ஸ்டேஷனை ஒட்டின லிஸ்தா தி ஸ்பான்யா ரோட்டிலேயே எடுக்காதீங்க, அங்க காலைலேருந்து ராத்திரி வரைக்கும் பெட்டிச் சக்கர சத்தம்தான்.

ரெண்டாவது சாய்ஸ் கஸ்தெல்லோவோட கிழக்குக் கோடி, கரிபால்டி தெரு, அதுக்கும் அந்தாண்ட சாந்தெலேனா. அங்க மரம் இருக்கு, பார்க் இருக்கு, ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி காயுது. சான் மார்க்கோவுக்குக் கடலோரமா அரை மணி நேரம் நடக்கணும், அந்த நடையே தனி சுகம்.

ஸ்டெப் 4: ஹோட்டல்னு மட்டும் தேடாதீங்க

காசு மிச்சமாகறது இந்த இடத்துலதான். இத்தாலில கன்னியாஸ்திரீ மடங்க, சர்ச் அமைப்புங்க தங்களோட பழைய கட்டடத்துல ரூம் விடறாங்க. மேப்ல "காசா பெர் ஃபேரியே" (casa per ferie)ன்னோ "ஃபொரெஸ்தெரியா" (foresteria)ன்னோ இத்தாலிய எழுத்துலயே போட்டுத் தேடுங்க. கஸ்தெல்லோவுல ஒரு பழைய அரண்மனைக்குள்ள இருக்கிற ஃபொரெஸ்தெரியா வால்தேசே, சாந்தோ ஸ்தெஃபானோ பக்கம் தோமுஸ் சிலியோத்தா, இந்த ரெண்டு பேரையும் குறிச்சு வச்சுக்குங்க. யாரும் எந்த மதமும் கேக்க மாட்டாங்க.

நான் ஒரு தடவை ஒரு மடத்துல தங்கினேன். வெள்ளை செவுரு, ஒத்தைக் கட்டில் ரெண்டு, கஞ்சி போட்டு விறைப்பா மடிச்ச படுக்கை விரிப்பு, டிவி கிடையாது. வாசல்ல இருந்த வயசான சிஸ்டர் துண்டுச் சீட்டுல "23"ன்னு எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டுக் குடுத்தாங்க, பதினொரு மணிக்குக் கதவை சாத்திடுவோம்னு அர்த்தம். அந்த மாதிரி நேரக் கட்டுப்பாடு சில மடத்துல இருக்கும், புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. மத்தபடி அவ்வளவு சுத்தமான, அவ்வளவு அமைதியான ரூம் அந்த ஊர்ல வேற எங்கயும் எனக்குக் கிடைக்கல.

தனியாப் போறவங்களுக்கு ஹாஸ்டல் இருக்கு. ஜூதெக்காவுல ஜெனரேட்டர், கன்னரேஜோவுல பழைய மடத்தைப் புதுப்பிச்சுக் கட்டின கோம்போ. குடும்பமாப் போறவங்க "அஃபித்தாகாமெரே" (affittacamere)ங்கற வகையைத் தேடுங்க, வீட்டுல ரெண்டு மூணு ரூமை மட்டும் விடறவங்க. "பான்யோ இன் கொமூனே" (bagno in comune)ன்னு போட்டிருந்தா பாத்ரூம் பொதுன்னு அர்த்தம், அது ஓகேன்னா ரேட் நல்லா இறங்கும்.

முழு அபார்ட்மென்ட் எடுக்கறதப் பத்தி மனசுல பட்டதச் சொல்லிடறேன். பழைய தீவு நகரத்துல இப்ப 50,000 பேர் கூட குடி இல்ல, 2022லயே அதுக்குக் கீழ போயிடுச்சு, வீடெல்லாம் டூரிஸ்ட் வாடகைக்குப் போனது அதுக்கு ஒரு பெரிய காரணம். அதனால வீட்டுக்காரங்க அங்கயே இருந்துக்கிட்டு ரூம் விடற இடம், மடம், ஹாஸ்டல், இதுக்குத்தான் நான் முதல் இடம் குடுப்பேன்.

ஸ்டெப் 5: ரூம் ரேட்டப் பார்க்காதீங்க, மொத்தக் கணக்கப் போடுங்க

வாப்பரெத்தோங்கற போட் பஸ்ஸுக்கு ஒரு தடவை ஏற 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். 24 மணி நேர பாஸ் 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45. (நான் கடைசியாப் போனப்ப இருந்த ரேட், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்குங்க.)

இப்ப ரெண்டு பேர் ரெண்டு ராத்திரின்னு வைங்க. ஜூதெக்காவுல ரூம் 80 யூரோ, கன்னரேஜோவுல 105. பார்த்ததும் ஜூதெக்காதான் லாபம்னு தோணும். ஆனா ஜூதெக்காவுக்குப் பாலம் கிடையாது, போட்ல மட்டும்தான் போகணும், ரெண்டு பாஸுக்கு 70 யூரோ, 160ம் 70ம் 230. கன்னரேஜோவுல 210தான், எல்லா இடத்துக்கும் நடந்தே போயிடலாம். எப்படியும் போட்ல நிறைய சுத்தத்தான் போறோம், முரானோ புரானோ தீவுக்கெல்லாம் போகணும்னா கணக்கு மாறும், அப்ப ஜூதெக்கா நல்லது. வயசு 29க்குள்ளன்னா ரோலிங் வெனிஸ் கார்டு கேளுங்க, 72 மணி நேர பாஸ் கம்மியாக் கிடைக்கும்.

மெஸ்த்ரே? நாலஞ்சு நாள் தங்கறவங்களுக்கு, இல்ல குழந்தைங்க பெரியவங்களோட போறவங்களுக்கு அது சரியான இடம்தான். ரயில்ல பத்து நிமிஷம், டிக்கெட் ஒண்ணரை யூரோவுக்குள்ள. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடைக்குள்ள மட்டும் எடுங்க. திரும்பி வர்றப்ப "வெனெஸியா சாந்த லூசியா"தான் தீவு ஸ்டேஷன், "வெனெஸியா மெஸ்த்ரே" கரை ஸ்டேஷன், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. பக்கத்து ஊர் பாதுவா இன்னும் மலிவு, அரை மணி நேர ரயில்.

ஸ்டெப் 6: புக் பண்றப்ப

2025 ஜனவரிலேருந்து இத்தாலில டூரிஸ்டுக்கு விடற எல்லா இடத்துக்கும் "சின்" (CIN)னு ஒரு தேசிய அடையாள நம்பர் கட்டாயம், விளம்பரத்துல அது இருக்கணும். இல்லேன்னா தாண்டிப் போயிடுங்க. ஆப்புக்கு வெளிய பேங்க்ல பணம் அனுப்பச் சொன்னா அனுப்பவே வேண்டாம். ஷெங்கன் விசாவுக்குத் தங்கற இடத்தோட புக்கிங் காட்டணும், அதனால இலவசமா கேன்சல் பண்ற வகையாப் போடுங்க, விசா லேட்டானா தேதிய மாத்திக்கலாம்.

சுற்றுலா வரி தனி. ஆளுக்கு, ராத்திரிக்கு, முதல் 5 ராத்திரி வரைக்கும்தான், இடத்தப் பொறுத்து மாறும், 10 வயசுக்குள்ள குழந்தைக்குக் கிடையாது. அத அங்க போய்க் கையில குடுக்கணும், சில்லறை வச்சுக்குங்க.

2024 ஏப்ரல் 25லேருந்து, சில குறிப்பிட்ட நாள்ல, பகல்ல மட்டும் வந்து போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் வச்சிருக்காங்க. தீவுலயோ மெஸ்த்ரேலயோ தங்கினா அது இல்ல, ஆனா நகராட்சி சைட்ல பதிஞ்சு க்யூஆர் கோடு வாங்கி போன்ல வச்சுக்கணும். பாதுவால தங்கினா கட்டணும், அதையும் உங்க கணக்குல சேர்த்துக்குங்க.

ஸ்டெப் 7: கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி

வீட்டுக்காரங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, மூணே கேள்வி. பக்கத்துல எந்த போட் ஸ்டாப்? அங்கேருந்து வாசல் வரைக்கும் எத்தனை பாலம்? மாடிக்கு லிஃப்ட் இருக்கா? அந்த ஊர்ல 400க்கும் மேல பாலம், பெரும்பாலும் படிக்கட்டு, இருபத்தஞ்சு கிலோ பெட்டியத் தூக்கிக்கிட்டு அஞ்சு பாலம் தாண்டினா மறுநாள் தோள் தூக்க முடியாது. பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க, ஏன்னா அந்த ஒத்தையடிச் சந்துல ரெண்டு பக்கமும் உயரமான செவுரு, போன் மேப்ல நீல புள்ளி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் தாவிக்கிட்டே இருக்கும்.