வேதாகம ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பு

ஒரு காரியம் கைகூடாமல் போன அன்றைக்கே வேதாகமத்தில் தாவீது ராஜாவின் ஜெபப் பாடலான 13ஆம் சங்கீதத்தை எடுத்து, ஓரத்தில் தேதியைப் போட்டு நடந்ததை நாலு வார்த்தையில் எழுதி வையுங்கள். "வண்டி ரிப்பேர், இன்டர்வியூ போச்சு" என்கிற அளவு போதும். பென்சில்தான் நல்லது, தாள் மெல்லியது, பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

அந்தச் சங்கீதம் மொத்தமே 6 வசனம். முதல் 2 வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று 4 முறை கேட்கிற தாவீது, 6ஆம் வசனத்தில் பாடுகிறார். இடையில் நிலைமை மாறியதாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஆறுதல். நடந்ததில் என்ன பாடம் என்பது அன்றே புரிய வேண்டியதில்லை. சில மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறக்கும்போது, கர்த்தர் நடத்திய விதத்தையும் பக்கத்திலேயே எழுதலாம். நன்றி சொல்ல மறந்த எத்தனையோ காரியங்கள் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

மரணம் நடந்த வீட்டில் மட்டும் இது வேண்டாம். இதில் என்ன பாடம் என்று அங்கே தேடச் சொல்வது புண்ணைக் கிளறுவது. வேதாகமத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர் முதல் 7 நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதைச் செய்யுங்கள். அப்புறம், சபையின் பொது வேதாகமத்தில் எழுதாதீர்கள், சொந்தப் பிரதியில் மட்டும்.