கட்டட வேலைக்கு எக்ஸோஸ்கெலிட்டன்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இத்த மாட்டிக்கினா ஒரு மூட்டைக்கு ரெண்டு மூட்டையா தூக்கச் சொல்லுவீங்களா சார்?"

சென்னை தண்டையார்பேட்டையில் ஒரு அடுக்குமாடி வேலையில், முதுகைத் தாங்கும் எக்ஸோஸ்கெலிட்டனை, அதாவது உடம்புக்கு வெளியே பட்டை கட்டி மாட்டிக்கொள்ளும் சட்டத்தை, காட்டியபோது சிமெண்ட் மூட்டை இறக்குபவர் கேட்ட முதல் கேள்வி இது. பக்கத்திலிருந்த இன்ஜினீயர், "புதுசுன்னாலே இவங்களுக்குப் பயம்" என்றார். நாம் செய்யும் பெரிய தவறே அதுதான். அவர் பயப்படவில்லை, கணக்குப் போட்டார். 50 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், வேலை சுலபமாகிவிட்டது என்ற பேச்சே கூலியைக் குறைக்கச் சாக்காகிவிடும். ஆகவே கூலியும் எண்ணிக்கையும் மாறாது என்பதை மேஸ்திரியை வைத்துக்கொண்டே முதலில் சொல்லிவிடுங்கள். கருவியை அப்புறம் காட்டலாம்.

அடுத்தது, பலம் கூடும் என்று சொல்லி விற்பது. மோட்டார் வைத்தவையும் உண்டு. ஆனால் கட்டட வேலைக்கு என்று விற்கப்படுபவற்றில் நிறைய, மோட்டாரோ பேட்டரியோ இல்லாதவை. ஸ்பிரிங் அல்லது இழுபடும் பட்டை, அவ்வளவுதான். குனியும்போது அது இழுபடும், நிமிரும்போது திருப்பித் தள்ளும். முதுகுத் தசை தாங்க வேண்டியதில் ஒரு பங்கு நெஞ்சுக்கும் தொடைக்கும் போகிறது. தோளுக்கான வகை, தூக்கிய கையின் பாரத்தை இடுப்புக்கு இறக்கும். சீலிங்கில் டிரில் போடுபவருக்கு அது சரி.

இது புரியாமல் எல்லோருக்கும் ஒரே கருவியைக் கொடுத்தால் பணம் வீண். தளத்தில் நாளெல்லாம் குனிந்து கம்பி கட்டுபவருக்கு முதுகுத் தாங்கி உதவும். சும்மாடு வைத்துத் தலையில் பாண்டு சுமக்கும் சித்தாளுக்கு அது கூடுதலாக இரண்டு மூன்று கிலோ சுமைதான். அதோடு, தொடையில் பட்டை கட்ட வேண்டிய கருவியைப் புடவைமேல் எப்படி மாட்டுவது? நெஞ்சுப் பட்டை எங்கே அழுத்தும்? இதையெல்லாம் யோசிக்காமல், "பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

ஏசி அறையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடல் காற்றின் புழுக்கத்தில், மே மாதம் மதியம் பட்டைக்கு அடியில் என்ன ஆகும் என்பது வேர்க்குரு வந்தவருக்குத் தெரியும். ஒரு வாரமாவது அவரவர் வேலையிலேயே போட்டுப் பார்க்கட்டும், வேண்டாமென்றால் கழற்றட்டும். ஒருவர் வியர்வையை இன்னொருவர் தலையில் கட்டாமல், துவைத்து மாற்றப் பட்டைகளும் வாங்குங்கள். சாரத்தில் ஏறுபவர் சேஃப்டி பெல்ட்டோடு சேர்த்து இதைப் போடலாமா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்காமல் மாட்டவே கூடாது.

கேலியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "இன்னாபா, கெழவனாய்ட்டியா?" என்று ஒருவர் சொன்னால் போதும், கருவி மூலைக்குப் போய்விடும். ஊர் மதிக்கும் கொத்தனார் ஒருவர் விரும்பி முதலில் மாட்டினால் அந்தப் பேச்சு பாதி அடங்கும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல ஓர் ஆளும் வேண்டும். சைகையில் சொல்லிவிட்டுப் புரிந்திருக்கும் என்று நினைப்பது நம் சோம்பேறித்தனம்.

மூட்டைக்காரர் மூன்றாம் நாளே கழற்றிவிட்டார். மூட்டையை முதுகில் ஏற்றும்போது பின்சட்டம் இடிக்கிறதாம். நியாயம்தான். நாங்கள்தான் ஆள் மாற்றிக் கொடுத்திருந்தோம். அன்று சாயங்காலமே கம்பி கட்டும் ஒடிசாக்காரர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.