ஆறு மாத மரச்சீனி: ஒட்டுச்சேர்க்கை மூலம் குறுகிய காலக் கிழங்கை உருவாக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பத்து மாத மரச்சீனியே (மரவள்ளி) பலருக்கும் பழக்கம். ஆனால் வயலில் ஒரு பூ (போகம்) நெல்லும் அதையடுத்து ஒரு மரச்சீனியும் எடுக்க நினைப்பவருக்கு ஆறு ஏழு மாதத்தில் கிழங்கு திரளும் இரகமே பொருந்தும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீஜெயா, ஸ்ரீவிஜயா ஆகியவை அத்தகையவை. அத்தகைய இரகத்தை நீங்களே உருவாக்க, இரண்டு இரகங்களின் பூக்களைச் சேர்த்து விதை எடுக்கும் ஒட்டுச்சேர்க்கையைத் தோட்டத்திலேயே செய்து பார்க்கலாம். மரச்சீனியைக் கம்பு (தண்டுத் துண்டு) நட்டே வளர்ப்பதால், விதையிலிருந்து ஒரே ஒரு நல்ல செடி கிடைத்தாலும் அதன் குணம் கம்பு வழியாக அப்படியே தொடரும். நெல்லைப் போலப் பல தலைமுறை நிலைப்படுத்த வேண்டியதில்லை.

பெற்றோரில் ஒன்று சீக்கிரம் விளைவதாகவும், மற்றொன்று நீங்கள் இழக்க விரும்பாத குணம், அதாவது மாவாக வேகும் தன்மையோ இலையில் திட்டுத் திட்டாக நிறம் மாறும் தேமல் நோயைத் தாங்கும் திறனோ, உடையதாகவும் இருக்கட்டும். தண்டு கவடு விடும் இடத்தில்தான் பூங்கொத்து வரும் என்பதால், கவடு விடாத இரகங்களை நம்ப வேண்டாம். பூக்கும் காலம் ஒத்துவர, இரண்டையும் சில வார இடைவெளியில் பல தடவையாக நடுங்கள்.

மகரந்தச் சேர்க்கைக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒரே பூங்கொத்தின் அடியில் பெண் பூக்களும் மேலே ஆண் பூக்களும் இருக்கும். பெண் பூக்கள் முதலில் விரிந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்தே அதே கொத்தின் ஆண் பூக்கள் விரியும். அதனால் மொட்டுக்குள் மகரந்தத் தாள்களை அகற்றும் வேலை இல்லை. மேலேயுள்ள ஆண் மொட்டுகளைக் கிள்ளி எறிந்தால் போதும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டிகள் நிறைய உண்டு என்பதால், விரியப் போகும் பெண் மொட்டுகளை முந்தைய நாளே மெல்லிய துணிப்பையால் மூடிவிடுங்கள். இல்லையேல் தேனீ எந்தச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தது என்பதே தெரியாது. நண்பகலை ஒட்டிப் பூ விரிந்ததும், தந்தைச் செடியில் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் மூன்று கிளை கொண்ட சூல்முடியில் மஞ்சள் தூள் ஒட்டும்படி மெதுவாகத் தேய்த்து, பையை மீண்டும் கட்டுங்கள். தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் எழுதி, தேதியுடன் அட்டை கட்டுவது கட்டாயம்.

காய் முற்ற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். முற்றிய காய் வெடித்து விதையைத் தெறிக்கவிடும் என்பதால் வலைப்பை போடுங்கள். ஒரு காயில் மூன்று விதைக்கு இடமிருந்தாலும் எல்லாம் பிடிப்பதில்லை. நிறையப் பூக்களில் சேர்க்கை செய்தால்தான் தேர்ந்தெடுக்கப் போதுமான செடிகள் இருக்கும்.

விதைகளைச் சில மாதம் உலர வைத்து, வெயில் காலத்தில் நாற்றங்காலில் இடுங்கள். சூடு இருந்தால் முளைப்பு நன்றாக வரும். மரச்சீனி இயல்பிலேயே கலப்புக் குணம் கொண்ட பயிர் என்பதால், ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் வளரா. விதையிலிருந்து வந்த செடியின் கிழங்கு வளர்ச்சி கம்பிலிருந்து வந்ததைப் போல இராது. ஆகவே முதல் ஆண்டில் கிழங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், தேமல் கண்டவற்றைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றிலிருந்து கம்பு வெட்டி ஒவ்வொன்றையும் தனி வரிசையாக 90 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். அருகில் பெற்றோர் இரண்டையும் ஸ்ரீஜெயாவையும் ஒப்பீட்டுக்கு நடுவது நல்லது.

நட்ட ஆறாம் மாதம் ஒவ்வொரு வரிசையிலும் பாதி மூடுகளை (செடிகளை) பறித்து எடை போடுங்கள். இங்கேதான் பலரும் தவறான செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது என் கருத்து. எடை மட்டும் போதாது. கிழங்கைச் சீவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் பாருங்கள். பெருத்தும் நீர்த்த கிழங்கு ஆறு மாதத்தில் விளைந்ததாக ஆகாது. புதிய ஒட்டில் நச்சுக் கசப்பு வரக்கூடும் என்பதால் பச்சையாகக் கடித்துப் பார்க்கவே கூடாது. சிறு துண்டுகளாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சிறிதளவே சுவையுங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு அந்த வரிசையைத் தள்ளிவிடுங்கள்.

மீதி மூடுகளை ஒன்பதாம் மாதம் பறித்து ஒப்பிடுங்கள். ஆறாம் மாதத்தை விட மிகக் கூடுதலாக ஏறியிருந்தால், அது வேகமாக வளரும் நீண்ட காலப் பயிரே. சிறிதே கூடியிருந்தால்தான் குறுகிய கால இரகம். அப்படித் தேறியவற்றின் கம்பை அடுத்த பருவம் நெல் அறுத்த வயலிலும் இளம் ரப்பருக்கு இடையிலுமாக இரண்டு மண்ணிலும் நட்டு, மீண்டும் அதே ஆறாம் மாதத்தில் பறியுங்கள்.