ஸ்கிரிப்ட் மெமரியைத் தின்கிறதா? சோதனையே சொல்லட்டும்

கோத்தகிரியில் மழை அளவைப் பதிய நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் நாலே நாளில் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டது. படித்த ஒவ்வொரு வரியையும் ஒரு லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போயிருந்தேன், என் புத்தி.

இப்போது செய்வது இதுதான். எந்த வரி எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கணக்கு வைக்கும் ட்ரேஸ்மாலாக்கை (tracemalloc, பைத்தான் 3.4 முதல் கூடவே வருகிறது) இயக்கிவிட்டு, சோதிக்கும் ஃபங்ஷனை 100 தடவை சும்மா ஓட்டி, கேஷ் (மறுபடி பயன்படுத்த எடுத்து வைக்கும் தரவு) எல்லாம் நிரம்பியதும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து மெமரிக் கணக்கு), இன்னும் 1000 தடவை ஓட்டி மறு ஸ்னாப்ஷாட், இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வரி வீங்கியது என்று தெரிந்துவிடும். வீக்கம் 100 கிலோபைட்டைத் தாண்டினால் சோதனை தோல்வி என்று காட்ட எக்ஸிட் கோடு 1 வரட்டும்.

சி மொழியில் எழுதிய லைப்ரரிக்குள் நடக்கும் மெமரி கசிவு பெரும்பாலும் இதில் சிக்காது, அதற்கு ஆர்எஸ்எஸ்ஸையும் (RSS, ஸ்கிரிப்ட் மொத்தமாகப் பிடித்திருக்கும் ரேம்) பாருங்கள். அப்புறம், மழையில் சென்சார் வயர் கழன்ற மாதிரி வெற்றுத் தரவு கொடுத்தும் ஓட்டுங்கள். சரியென்றால் இந்தச் சோதனை க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடட்டும்.