ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றாதீர்கள், கப்ளரைப் பாருங்கள்

எங்கள் ஊர் கடலோரம். உப்புக் காற்று வீட்டுக் கேட்டையே தின்னும்போது பைக்கின் ஒயரிங்கை மட்டும் விட்டுவைக்குமா? ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று இரண்டு பல்பு மாற்றினேன். இரண்டாவதும் அதே மங்கல். அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன்.

அதிலும் முதலில் ஏமாந்தேன். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. இணைப்பின் உலோகப் பின் (pin) ஒரு மயிரிழை தொட்டாலே அதற்குப் போதும். 35 வாட் பல்புக்கோ கிட்டத்தட்ட 3 ஆம்பியர் வேண்டும். ஆகவே பல்பை மாட்டி, லைட்டை எரியவிட்டு, கப்ளருக்கு, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புக்கு, உள்ளே போகும் ஒயரிலும் வெளியே வரும் அதே ஒயரிலும் மீட்டரின் இரு முனைகளை வையுங்கள். பின்பக்கமாக நுழைத்தால் பின் வளையாது. நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. எனக்கு 1.4 காட்டியது. கப்ளரைத் தொட்டால் வெதுவெதுப்பு வேறு. எர்த் ஒயரையும் இப்படியே பாருங்கள். சேஸில் பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். கப்ளரின் லாக்கை அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. உள்ளே பச்சையாகக் களிம்பு இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. பின் மேலே இருக்கும் வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் வெறும் பித்தளை இன்னும் சீக்கிரம் பூத்துவிடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் பழையபடி மங்கும். காரணம், அழுக்கைவிட பிடிதான். பெண் பின்னின், அதாவது மற்றதை உள்ளே வாங்கும் பின்னின், மடங்கிய இரு உதடுகள் விரிந்துபோயிருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் உள்நாக்கை அழுத்திப் பின்னை உருவி, நோஸ் பிளையரால் உதடுகளை லேசாக, முடி அளவு, அமுக்குங்கள். அதே அகல ஆண் பின் ஒன்றைச் செருகித் தொங்கவிட்டால் விழாமல் நிற்க வேண்டும். செருகும்போது உரசல் கையில் தெரிய வேண்டும். அந்த உரசலே மேலே படிந்ததைச் சுரண்டிவிடும். சூட்டில் கறுத்த பின் என்றால் அமுக்கிப் பயனில்லை, அதன் ஸ்பிரிங் செத்துவிட்டது. வெட்டிவிட்டுப் புதிய பின்னைச் சரியான கிரிம்ப் பிளையரால் அழுத்துங்கள்.

மாட்டும் முன் வாசலின் கொஞ்சம். கிரீஸ் கரண்டைத் தடுக்குமே என்று கேட்பார்கள். உலோகம் அழுத்தித் தொடும் இடத்தில் அது பிதுங்கி ஒதுங்கிவிடும், மற்ற இடத்தில் ஈரத்தைத் தடுக்கும்.

ஹேண்டில்பார் சுவிட்சைத் திறப்பதானால் ஒரு துணிக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே குட்டி எஃகு உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கலாம். என்னுடையது பறந்துபோய் அரை நாள் தரையில் தவழ்ந்தேன்.

கடைசியாக, ஒயரைக் கப்ளருக்குக் கீழே ஒரு வளைவு விட்டு டேக் போட்டுக் கட்டுங்கள். ஓடும்போது ஆடாது, மழைநீரும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். திரும்ப அளந்தபோது எனக்கு 0.05 காட்டியது.