குளியலறைத் தரை டைல்ஸைப் பெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஒரு மாடி வீட்டில், பசையிட்டு ஒட்டிய டைல்ஸ் ஒன்றை இரண்டு இளைஞர்கள் பெயர்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் செய்தார்கள். கையுறை, கண்ணாடி பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

குழாய் நேராகத்தான் போகும் என்று நம்புவது

சுவருக்குள் குழாய் போகும் வழியை, தண்ணீர் பிடிக்கும் பைப் இருக்கும் இடத்தை வைத்து ஊகித்துவிடலாம். தரைக்குள் அந்த ஊகம் பலிக்காது. ஓர் எல்போவை (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) மிச்சப்படுத்துவதற்காக மூலைக்கு மூலை குறுக்கே இழுத்த பிளம்பர்கள் பலர். (நானும் இழுத்திருக்கிறேன்.) கட்டும்போது எடுத்த கைபேசிப் படம் வீட்டுக்காரரிடம் இருந்தால், அது வரைபடத்தைவிட நம்பகமானது.

கிரைண்டரை ஆழமாக இறக்குவது

விட்ரிஃபைடு டைல்ஸின் கனம் பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. தான். 4 அங்குல கிரைண்டரின் தகடோ அதைப் போல இரு மடங்கு ஆழம் எளிதாக இறங்கும். தகட்டின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே பெயின்டால் ஒரு வட்டம் வரைந்துகொண்டு, அந்த வட்டம் தரையைத் தொடும்போது நிறுத்திவிட வேண்டும்.

ஹீட் கன்

சூடான காற்றை ஊதும் இந்தக் கருவி வினைல் தரைக்கு உதவும். சிமென்ட் பசை சூட்டில் இளகாது. கீழே கிடக்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்தான் இளகும்.

உளியைச் செங்குத்தாகப் பிடிப்பது

கூடாது.

வால்வை மூடியதோடு நிம்மதி அடைவது

குழாயைச் சோதித்தீர்களா என்று அந்த இளைஞர்களிடம் கேட்டபோது, "வால்வை மூடிட்டோம்ணே" என்றார்கள். இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் பதில் இது, ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

அப்போது வால்வை மூடி, டெமாலிஷன் ஹேமரால் (மின்சாரத்தில் இடித்துப் பெயர்க்கும் கருவி) ஒரே ஒரு டைல்ஸை எடுத்து, கீழே குழாயில் கீறல்கூட இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, அன்று மாலையே புதியதை ஒட்டிவிட்டேன். ஏறக்குறைய 40 நாள் கழித்துக் கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் பூத்தது. தரையை உடைத்துப் பார்த்தால், விரிசல் நான் கை வைத்த இடத்தில் இல்லை. இரண்டடி தள்ளி, ஓர் எல்போவின் கழுத்தில் இருந்தது. பழைய குழாய் இறுகி நொறுங்கும் பதத்தில் இருந்ததால், ஹேமரின் அதிர்வே அதற்குப் போதுமானதாகிவிட்டது. அந்த வேலைக்கு வாங்கிய கூலியைப் போலப் பல மடங்கு என் கையிலிருந்து போயிற்று.

வால்வை மூடுவது சரிதான், ஆனால் நீரில்லாத குழாய் தன் விரிசலைக் காட்டாது. வால்வைத் திறந்த பிறகும் உடனே தெரியாது: 10 மீட்டர் உயர நீர்தான் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் தரும் என்பதால், 3 மீட்டர் மேலே இருக்கும் மொட்டைமாடித் தொட்டியால் கிடைப்பது 0.3 கிலோ மட்டுமே. மயிரிழை விரிசலில் அந்த அழுத்தத்துக்கு நீர் பீறிடாமல் கசியும். கசிந்ததை, குழாய்களுக்காகத் தாழ்த்திய தளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி வாரக்கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே புதிய டைல்ஸை ஒட்டுவதற்கு முன், கீசரைக் கழற்றி, வாய்களை டம்மி பிளக்கால் அடைத்து, கை பம்ப்பில் 5 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குப் பம்ப் வேண்டாம். வெளியேறும் வாயை அடைத்து, தரையில் நீர் இறங்கும் ட்ராப்பின் விளிம்பு வரை நீர் நிரப்பி, 24 மணி நேரம் மட்டம் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த ஒரு நாள் குளியலறை பூட்டியிருக்கும் என்பதை, வேலையை ஒப்புக்கொள்ளும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.